கார் இன்ஜின் பிளாக் எவ்வளவு பவர் தாங்கும்? உடையாமல் இருக்க என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் பழைய ஃபோர்டு மஸ்டாங் கார்களை மாடிஃபை செய்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. 1987 முதல் 1992 வரை வந்த மஸ்டாங் ஜிடியில் இருந்தது '302' என்று அழைக்கப்படும் 5 லிட்டர் வி8 இன்ஜின். கம்பெனியிலிருந்து வரும்போது 225 குதிரைத்திறன். அதில் சூப்பர்சார்ஜரோ டர்போவோ மாட்டி பவரை ஏற்றிக்கொண்டே போகலாம். 350, 400 வரை பிளாக் பெரிதாகத் தொந்தரவு தராது. 500-ஐ நெருங்கும்போது நாளை எண்ண ஆரம்பிக்க வேண்டியதுதான்.

காரணம், அந்த பிளாக் போகும்போது சின்னதாகப் போகாது. இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவில் உள்ள பள்ளத்துக்கும் கீழே கிராங்க் ஷாஃப்ட் உட்காரும் இடத்துக்கும் இடையே விரிசல் ஓடி, பிளாக் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடும். இப்படிப் பிளந்த 302 பிளாக்குகளின் போட்டோக்கள் மஸ்டாங் ரசிகர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம். தேங்காயை உடைத்து வைத்தது போலவே இருக்கும்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் இருக்கிறது. 1962-ல் பிஎம்டபிள்யூ 1500 என்ற குடும்பக் கார் விற்பனைக்கு வந்தது. நான்கு சிலிண்டர், 80 குதிரைத்திறன். 'எம்10' என்ற அந்த இன்ஜினின் வார்ப்பிரும்பு பிளாக்கை அடிப்படையாக வைத்துத்தான் பால் ரோஷே தலைமையிலான பிஎம்டபிள்யூ இன்ஜினியர்கள் 1980-களில் ஃபார்முலா 1 டர்போ இன்ஜினைக் கட்டினார்கள். கொள்ளளவு 1.5 லிட்டர் மட்டுமே. 1983-ல் பிரபாம் அணியின் நெல்சன் பிக்கே அந்த இன்ஜினுடன்தான் உலக சாம்பியன் ஆனார். ஃபார்முலா 1-ல் டர்போ காருக்குக் கிடைத்த முதல் சாம்பியன் பட்டம் அது. அடுத்த சில ஆண்டுகளில், தகுதிச் சுற்றுக்கான அமைப்பில் அதே இன்ஜின் 1,300 குதிரைத்திறனுக்கு மேல் கொடுத்ததாக மதிப்பிடப்படுகிறது.

இரண்டுமே வார்ப்பிரும்பு. இரண்டுமே தெருவில் ஓடிய கார்களுக்காகப் போட்ட அச்சு. ஒன்று 500-ல் பிளக்கிறது, இன்னொன்று பாதி சிலிண்டர்களோடு 1,300-ஐத் தாங்குகிறது. அப்படியென்றால் 'பிளாக்கை பலப்படுத்துவது' என்று ட்யூனிங் பட்டறைகளில் சொல்வது உண்மையில் எதைப் பலப்படுத்துகிறது?

பிளாக்குக்குள் என்ன நடக்கிறது?

பிளாக் என்பது சிலிண்டர்கள் இருக்கும் பெரிய வார்ப்பு. மேலே ஹெட் போல்ட் போட்டு உட்காரும். கீழே கிராங்க் ஷாஃப்ட் தொங்கும். உள்ளே தண்ணீரும் ஆயிலும் ஓட வழிகள். பார்ப்பதற்குக் கல் மாதிரி இருப்பதால் அது அசையாது என்று தோன்றும். ஆனால் இன்ஜின் ஓடும்போது பிளாக் எல்லாப் பக்கமும் வளைந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. 86 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். பிஸ்டனின் மேல்பரப்பு சுமார் 58 சதுர செ.மீ. வரும். சாதாரண பெட்ரோல் இன்ஜினில் எரிபொருள் வெடிக்கும்போது உச்ச அழுத்தம் 60 முதல் 80 பார் அளவில் இருக்கும். டர்போ போட்டு ஏற்றிய இன்ஜினில் அது 100 பாரைத் தாண்டுவது சகஜம். 100 பார் என்றே வைத்துக்கொண்டால் பிஸ்டன் தலையில் விழும் விசை கிட்டத்தட்ட 5.9 டன். ஒரு பெரிய ஆண் யானையைத் தூக்கி பிஸ்டன் மேல் வைத்தது போல. 6,000 ஆர்பிஎம்-ல் இது ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 50 முறை நடக்கிறது.

அந்த விசை மூன்று பக்கம் போகிறது. மேலே, ஹெட்டைப் பிளாக்கிலிருந்து பிரித்தெடுக்கப் பார்க்கிறது. கீழே, கனெக்டிங் ராட் வழியாக கிராங்க் ஷாஃப்டை பிளாக்கிலிருந்து பிடுங்கி எறியப் பார்க்கிறது. ராட் சாய்வாக நிற்பதால் பக்கவாட்டிலும் ஒரு பங்கு போய், சிலிண்டர் சுவரைத் தள்ளுகிறது. ட்யூனிங் உலகில் பிளாக்குக்குச் செய்யும் எல்லா வேலைகளும் இந்த மூன்றில் ஒன்றுக்கான பதில்தான். எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று தெரியாமல் காசு போடும்போதுதான் சிக்கல் வருகிறது.

உடைப்பது குதிரைத்திறன் அல்ல

"அண்ணே, இந்த பிளாக் எவ்வளவு ஹெச்பி தாங்கும்?" ட்யூனிங் பட்டறைகளில் அடிக்கடி விழும் கேள்வி இதுதான். ஆனால் கேள்வியிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது.

குதிரைத்திறன் என்பது டார்க்கையும் ஆர்பிஎம்-மையும் பெருக்கி வருவது. 300 குதிரைத்திறனை 8,000 ஆர்பிஎம்-ல் எடுத்தால் அதற்குத் தேவையான டார்க் சுமார் 267 நியூட்டன் மீட்டர். அதே 300-ஐ 4,000 ஆர்பிஎம்-ல் எடுத்தால் 534 நியூட்டன் மீட்டர் வேண்டும். டார்க் இரண்டு மடங்கு என்றால் சிலிண்டருக்குள் அழுத்தமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டைனோ ஷீட்டில் இரண்டு கார்களுக்கும் 300 என்றுதான் வரும். பிளாக்குக்கு இரண்டும் ஒன்றல்ல. கீழ் ஆர்பிஎம்-லேயே 'இழுவை' வேண்டும் என்று சின்ன டர்போவில் பூஸ்டைக் கூட்டிவிடுவது, உயர்ந்த ஆர்பிஎம்-ல் பவர் எடுப்பதைவிட பிளாக்குக்கும் ராடுக்கும் கொடுமையான விஷயம் என்று அனுபவமுள்ள ட்யூனர்கள் சொல்வது இதனால்தான்.

அதற்காக ஆர்பிஎம் இலவசம் என்று அர்த்தமில்லை. பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதன் எடை ராடை இழுக்கிறது. அந்த இழுப்பு ஆர்பிஎம்-மின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 6,000-லிருந்து 8,000-க்குப் போனால் சுமார் 1.8 மடங்கு. ராட் போல்ட் அறுந்து, ராட் பிளாக்கின் பக்கச்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவது பெரும்பாலும் இந்த வகை. அப்போது உடைந்தது பிளாக் என்றாலும் குற்றவாளி பிளாக் இல்லை.

இதைவிட மோசமானது நாக்கிங். பெட்ரோல் கலவை தீப்பொறி பரவுவதற்கு முன்பே தானாக வெடித்து, அழுத்தத்தை ஊசி முனை போல எகிற வைக்கும். பிஸ்டன் வளையம் உட்காரும் விளிம்பு உடைவது, ஹெட் கேஸ்கட் போவது, மெல்லிய சிலிண்டர் சுவர் விரிவது எல்லாம் இதன் வேலை. மோசமான ட்யூனிங்கில் நாக்கிங் வரும் இன்ஜினுக்கு எவ்வளவு விலை உயர்ந்த ஸ்லீவ் போட்டாலும் அது உடைவதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. லேத்தில் வேலையைத் தொடங்கும் முன் லேப்டாப்பில் முடிக்க வேண்டிய வேலை இது.

ஒரே 86 மி.மீ., இரண்டு தலையெழுத்து

டொயோட்டா சுப்ராவின் '2ஜேஇஸட்' இன்ஜினும் ஹோண்டாவின் 'கே20' இன்ஜினும் ஒரு விஷயத்தில் ஒன்று. இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 86 மி.மீ., பிஸ்டன் பயணம் 86 மி.மீ. முன்னதில் ஆறு சிலிண்டர், பின்னதில் நான்கு. ஆனால் ட்யூனர்கள் இரண்டையும் அணுகும் விதமே வேறு. டர்போ 2ஜேஇஸட்டின் பிளாக்கைத் தொடாமலேயே 700 குதிரைத்திறனுக்கு மேல் எடுப்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். கே20-ல் பெரிய டர்போ மாட்டி அதே அளவு பூஸ்ட் ஏற்றப் போகிறவர், முதலில் பிளாக்கின் மேல்தளத்தைப் பார்த்துக் கவலைப்படுவார்.

அந்த மேல்தளத்துக்கு 'டெக்' என்று பெயர். 2ஜேஇஸட்டில் அது மூடிய டெக். ஹெட்டைக் கழற்றிவிட்டு மேலே இருந்து பார்த்தால் சிலிண்டர் ஓட்டைகளைச் சுற்றி முழு இரும்புத் தளம், ஆங்காங்கே தண்ணீருக்குச் சின்னச் சின்ன துளைகள், அவ்வளவுதான். சிலிண்டர் சுவரின் மேல்முனையை அந்தத் தளம் எல்லாப் பக்கமும் பிடித்துக்கொள்கிறது.

கே20-ல் திறந்த டெக், அலுமினியம். நான்கு சிலிண்டர்களும் ஒன்றோடொன்று ஒட்டிய வரிசையாக நடுவில் நிற்கும். அவற்றுக்கும் வெளிச்சுவருக்கும் இடையே அகழி மாதிரி தண்ணீர் ஓடும் இடம். சிலிண்டர்களின் கீழ்ப்பகுதி மட்டும்தான் பிளாக்கோடு சேர்ந்திருக்கிறது. மேல்முனையை ஹெட்டும் கேஸ்கட்டும் அழுத்திப் பிடித்தால் உண்டு. அண்டாவுக்குள் நிறுத்தி வைத்த டம்ளர்கள் போல என்று சொல்லலாம். வெடிப்பு அழுத்தம் ஏறும்போது டம்ளரின் வாய்ப்பகுதி கொஞ்சம் அசைகிறது, கொஞ்சம் முட்டை வடிவமாகிறது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்களில் பேசும் அசைவுதான். ஆனால் கேஸ்கட் அந்த அசைவில் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் விட்டுவிடும். அழுத்தம் இன்னும் ஏறினால் சுவரே விரியும்.

அப்படியென்றால் கம்பெனிகள் ஏன் திறந்த டெக்கில் செய்கின்றன? மலிவு, வேகம். உருகிய அலுமினியத்தை அதிக அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்தி பிளாக்கை வார்க்கும்போது, அச்சை மேல்நோக்கி உருவி எடுக்க வழி வேண்டும். மூடிய டெக் என்றால் உள்ளே மணல் அச்சு வைத்து வார்த்து, பிறகு மணலை உதிர்க்க வேண்டும். சிலிண்டரின் மேல்பகுதி நன்றாகக் குளிரும் என்பது திறந்த டெக்கின் இன்னொரு லாபம். கம்பெனி கொடுத்த பவருக்கு அது தாராளமாகப் போதும். குறை சொல்ல முடியாது.

இரண்டுக்கும் நடுவில் 'அரை மூடிய' டெக்கும் உண்டு. சுபாருவின் டர்போ இன்ஜின்கள் பலவற்றில் இதுதான். அதே சுபாரு 1990-களின் தொடக்கத்தில் லெகசி டர்போவுக்காக 'ஈஜே22டி' என்ற மூடிய டெக் பிளாக்கையும் வார்த்தது. அந்தப் பழைய பிளாக்கைத் தேடி அலையும் கூட்டம் இன்றும் இருக்கிறது.

மேலே பிடிக்கும் வைத்தியங்கள்

திறந்த டெக்குக்கு இருப்பதிலேயே மலிவான வைத்தியம் 'பிளாக் கார்டு'. சிலிண்டர்களுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் உள்ள அகழியின் மேல்வாயில் தட்டி இறக்கும் ஒரு அலுமினிய வளையம். தண்ணீர் போக துளைகள் இருக்கும். யோசனை எளிமையானது. ஆனால் அளவு துல்லியமாக இல்லாமல் இறுக்கமாகத் தட்டினால் அதுவே சிலிண்டரை ஒரு பக்கம் நசுக்கிவிடும். அதிக வெப்பம் உருவாகும் மேல்பகுதியில் தண்ணீர் ஓட்டத்தையும் குறைக்கும். வட்டம் கெடாமல் இருக்கப் போட்ட பொருளே வட்டத்தைக் கெடுத்த கதைகள் ஏராளம். அதனால்தான் கார்டை இறக்கிய பிறகு சிலிண்டரை மறுபடி ஹோனிங் செய்யச் சொல்கிறார்கள். அந்தச் செலவைச் சேர்த்தால் 'மலிவு' என்ற வார்த்தை கொஞ்சம் அடிபடும். இதன் இன்னொரு வடிவம், வெளிச்சுவரிலிருந்து சிலிண்டரைத் தொடும்படி அங்கங்கே முளை போல உலோகத் துண்டுகளைப் பொருத்துவது.

முழு வைத்தியம் என்றால் ஸ்லீவ். பழைய சிலிண்டர் சுவர்களைக் குடைந்து எடுத்துவிட்டு, தனியாக வார்த்த தடிமனான டக்டைல் இரும்புக் குழாய்களை இறக்குவது. டக்டைல் என்பது எளிதில் நொறுங்காத, வளைந்து கொடுக்கும் வகை வார்ப்பிரும்பு. செயல்திறன் இன்ஜின்களுக்கான ஸ்லீவ்களின் மேல்முனையில் அகலமான விளிம்பு இருக்கும். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் இறக்கியதும் விளிம்புகள் ஒன்றோடொன்றும் வெளிச்சுவரோடும் பொருந்தி, திறந்த டெக் மூடிய டெக்காகவே மாறிவிடும்.

தமிழ்நாட்டில் லாரி, டிராக்டர் வேலை பார்க்கும் லேத் பட்டறைகளுக்கு இது புதிதல்ல. தேய்ந்த டீசல் இன்ஜினுக்கு லைனர் மாற்றுவது பல தலைமுறையாக நடக்கும் வேலை. வித்தியாசம் நோக்கத்தில் இருக்கிறது. அங்கே லைனர் தேய்மானத்துக்கான மாற்று. இங்கே அது பிளாக்கின் எலும்பு. அதனால் ஸ்லீவ் உட்காரும் படிக்கட்டின் உயரம் நான்கிலும் ஒன்றுபோல வர வேண்டும். ஒன்று மட்டும் சில நாட்களில் நூலளவு கீழே இறங்கினாலும் அந்த இடத்தில் கேஸ்கட் பிடி இழக்கும், தண்ணீர் சிலிண்டருக்குள் வரும். மோசமாகப் போட்ட ஸ்லீவைவிட கம்பெனி சுவரே மேல் என்று சொல்வது மிகையில்லை.

இதோடு சேர்ந்தே வர வேண்டியது டார்க் பிளேட். ஹெட்டை இறுக்கும்போது போல்ட்டுகளின் இழுப்பில் சிலிண்டர்களின் வட்டம் மாறும். வெறும் பிளாக்கில் மிகச் சரியான வட்டமாக ஹோனிங் செய்துவிட்டு, பிறகு ஹெட்டை மாட்டினால் அந்த வட்டம் போய்விட்டது என்று அர்த்தம். அதனால் ஹெட்டுக்குப் பதிலாக ஒரு தடிமனான உலோகத் தட்டை அதே இறுக்கத்தில் பூட்டி, ஏற்கெனவே கோணிப்போன நிலையிலேயே ஹோனிங் செய்கிறார்கள். தட்டைக் கழற்றினால் வட்டம் கெடும். ஹெட்டை மாட்டினால் திரும்ப வந்துவிடும். உங்கள் இன்ஜினுக்கான டார்க் பிளேட் பட்டறையில் இருக்கிறதா என்று கேட்டாலே, அவர்கள் இதுவரை எந்த மாதிரி வேலை பார்த்திருக்கிறார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

ஹெட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளை ஸ்டட்டாக மாற்றுவதும் இந்த வகைதான். போல்ட்டை இறுக்கும்போது அது ஒரே நேரத்தில் முறுகவும் நீளவும் செய்கிறது. அலுமினிய மரையும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்கிறது. ஸ்டட் ஒருமுறை பிளாக்கில் இறங்கிவிட்டால் அங்கேயே இருக்கும், மேலே நட் மட்டும்தான் சுற்றும். அதனால் பிடிப்பு சீராக வருகிறது.

கீழே பிடிப்பதில்தான் 302 ஏமாற்றும்

கிராங்க் ஷாஃப்டைக் கீழிருந்து பிடிப்பவை மெயின் கேப்கள். 302-ல் ஒவ்வொரு கேப்புக்கும் இரண்டு போல்ட். பவர் ஏறும்போது கேப்கள் பிளாக்கில் உட்காரும் இடத்தில் முன்னும் பின்னும் உரசி நகரும். ஃபோர்டே 1969-ல் பந்தயத்துக்காக வெளியிட்ட பாஸ் 302-ல் நடு மூன்று கேப்களுக்கு நான்கு போல்ட் கொடுத்தது.

ஸ்ட்ரீட் மஸ்டாங் வைத்திருப்பவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி 'கிர்டில்'. எல்லா கேப்களையும் ஒரே எஃகுச் சட்டத்தால் கோத்துவிடுவது. சுலபமாக மாட்டலாம், பார்ப்பதற்கும் கம்பீரம். கேப்கள் நகர்வது குறையும் என்பதும் உண்மை. ஆனால் 302 பிளக்கும் இடம் கேப் அல்ல. கேப்புக்கு மேலே, கிராங்க்கையும் கேம் ஷாஃப்டையும் தாங்கும் மெல்லிய குறுக்குச் சுவர். கிர்டில் போட்ட பிறகும் அந்தச் சுவரில் விரிசல் விழத்தான் செய்கிறது. கேப்கள் எல்லாம் ஒழுங்காகக் கோத்தபடி இருக்க, பிளாக் மட்டும் இரண்டாகியிருக்கும்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். பலப்படுத்துவது என்பது ஒரு இடத்தில் அசைவை நிறுத்துவது. நிறுத்திய விசை காணாமல் போவதில்லை. அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகிறது. அங்கே தடிமனான உலோகம் இருந்தால் பிழைக்கும், இல்லையென்றால் முன்பு கேஸ்கட்டோடு முடிந்திருக்க வேண்டிய பிரச்சினை பிளாக்கோடு முடியும். 302-ல் அந்த அடுத்த இடத்துக்கு வெளியிலிருந்து ஒட்டுப்போட வழியில்லை. அதனால் 500-க்கு மேல் போக நினைப்பவர்கள் பழைய பிளாக்கைப் பலப்படுத்துவதை விட்டுவிட்டு, அந்தச் சுவர்களைத் தடிமனாக்கிப் புதிதாக வார்த்த பிளாக்கை வாங்குகிறார்கள். ஃபோர்டே 'பாஸ் 302' என்ற பெயரில் அப்படி ஒரு பிளாக் விற்கிறது. டார்ட் போன்ற நிறுவனங்களும் வார்க்கின்றன.

மெயின் கேப்பில் கம்பெனி போல்ட்டை எடுத்துவிட்டு ஸ்டட் போடுபவர்கள் தவறவிடும் ஒரு விஷயமும் இங்கே உண்டு. ஸ்டட் இழுக்கும் விதம் வேறு என்பதால் பேரிங் உட்காரும் துளையின் வட்டமும் மாறும். அளந்து பார்த்து, தேவைப்பட்டால் எல்லா மெயின் துளைகளையும் ஒரே நேர்கோட்டில் மறுபடி ஹோனிங் செய்யாமல் பூட்டினால், பலப்படுத்த வாங்கிய ஸ்டட்டே பேரிங்கைத் தின்றுவிடும்.

தண்ணீர் ஓடும் இடத்தில் சிமெண்ட்

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். டிராக் ரேஸ் இன்ஜின்களில் தண்ணீர் அறைக்குள் சிமெண்ட் வகைக் கலவையை ஊற்றி இறுக வைப்பது பழைய பழக்கம். சிலிண்டரின் கீழ்ப்பாதி கல்லில் புதைத்தது போல நின்றுவிடும். பாதி வரை நிரப்பினால் மேல்பாதியில் தண்ணீர் ஓடும், ஆயில் சூடு கொஞ்சம் கூடும், சமாளித்துத் தெருவிலும் ஓட்டுபவர்கள் உண்டு. முழுக்க நிரப்பினால் கால் மைல் ஓடி நிறுத்தும் காருக்கு மட்டும்தான் சரி. கலவை இறுகும்போது சிலிண்டரின் வடிவத்தை அப்படியே உறைய வைத்துவிடும் என்பதால், டார்க் பிளேட்டையும் மெயின் கேப்களையும் பூட்டிய நிலையில்தான் ஊற்ற வேண்டும். ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. ஒருவழிப் பாதை.

இதன் எல்லை அமெரிக்காவின் டாப் ஃபியூயல் டிராக் கார்களில் தெரியும். அவற்றின் பிளாக், அடித்து உருவாக்கிய அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்து எடுப்பது. அதில் தண்ணீர் அறையே கிடையாது. சில நொடிகள் முழு வேகத்தில் ஓடிவிட்டு நின்றுவிடும். குளிரூட்ட வேண்டிய அவசியமே வராது.

பழைய பிளாக் ஏன் நல்ல பிளாக்?

பிஎம்டபிள்யூ விஷயத்துக்குத் திரும்புவோம். ரோஷேயின் குழு ஃபார்முலா 1-க்குப் புது வார்ப்புகளைவிட, லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய கார்களின் பிளாக்குகளை விரும்பியதாகச் சொல்லப்படுகிறது. அந்த பிளாக்குகளை வெளியே மழையிலும் வெயிலிலும் போட்டு வைத்தார்கள், மெக்கானிக்குகள் அதன் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்றெல்லாம் கதைகள் உண்டு. கடைசிக் கதையைப் பிட் லேன் புராணம் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

அடிப்படை மட்டும் சரியான உலோகவியல். வார்ப்பு குளிரும்போது மெல்லிய இடம் முதலிலும் தடிமனான இடம் பிறகும் இறுகும். இந்த வித்தியாசத்தால் உலோகத்துக்குள்ளேயே ஒரு இழுபறி சிக்கிக்கொள்கிறது. புது பிளாக்கைத் துல்லியமாகக் கடைந்து வைத்தாலும், சூடாகிக் குளிர்ந்து சூடாகிக் குளிர்ந்து அந்த இழுபறி வெளியேறும்போது அளவுகள் நகரும். பல ஆண்டுகள் ஓடிய பிளாக்கில் அந்த நகர்வு ஏற்கெனவே முடிந்திருக்கும். அதற்குப் பிறகு கடைந்தால் கடைந்த அளவு நிற்கும். இன்று இதையே உலையில் வைத்துச் சூடாக்கி சில மணி நேரத்தில் முடிக்கிறார்கள். எம்10-க்குச் சாதகமான இன்னும் சில விஷயங்களும் உண்டு. வார்ப்பிரும்பு, நான்கே சிலிண்டருக்கு ஐந்து மெயின் பேரிங், பந்தயத்துக்காகப் பிஸ்டன் பயணத்தை வெறும் 60 மி.மீட்டராகக் குறைத்த கிராங்க். இவ்வளவுக்குப் பிறகும், தகுதிச் சுற்றுக்குப் போட்ட இன்ஜின்கள் சில சுற்றுகளோடு ஆயுள் முடிந்தவை. '1,300 தாங்கிய பிளாக்' என்று சொல்லும்போது எவ்வளவு நேரம் தாங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

இங்கே ஓடும் கார்களுக்கு?

இந்தியாவில் ட்யூனிங் ஆசையில் அதிகம் அடிபடும் பெயர்களில் ஒன்று ஃபோக்ஸ்வாகன் போலோ டிஎஸ்ஐ. அதன் 1 லிட்டர் 'ஈஏ211' இன்ஜின் திறந்த டெக் அலுமினியம், உள்ளே இரும்பு லைனர்கள். ஆக்டேவியா ஆர்எஸ்-ல் இருந்த 'ஈஏ888' வார்ப்பிரும்பு பிளாக். இரண்டுக்கும் 'ஸ்டேஜ் 1', 'ஸ்டேஜ் 2' என்று ஒரே மாதிரி பெயர்களில் சாஃப்ட்வேர் விற்கிறது. பெயர் ஒன்று என்பதால் தாங்குவதும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. சாஃப்ட்வேர் மட்டும் மாற்றும் நிலையில், பெரும்பாலும் பிளாக்குக்கு முன்பே கிளட்ச்சோ கியர்பாக்ஸோ கைவிரிக்கும். ஸ்லீவ், கிர்டில் எல்லாம் பெரிய டர்போ, பலமான ராட், பிஸ்டன் என்று போன பிறகு வரும் பேச்சு.

அந்தக் கட்டத்துக்குப் போகிறவர்கள் செய்ய வேண்டிய ஒரு சோதனை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வார்க்கும்போது உள் அச்சு கொஞ்சம் நகர்ந்திருந்தால் சிலிண்டர் சுவர் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருக்கும். வெளியே தெரியாது. அல்ட்ராசோனிக் கருவியை வைத்துச் சுவரைச் சுற்றிலும் அளந்தால் தெரியும். ஒரே மாடலில் ஒரு பிளாக் தாங்குவதும் இன்னொன்று விரிவதும் பல நேரம் இதனால்தான். போரிங் போட்டுப் பெரிதாக்கும்போது மெல்லிய பக்கம் இன்னும் மெலியும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அசல் விவரங்களிலிருந்து வாகனம் மாறும்படி எதையும் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கவும் இடம் இருக்கிறது. ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் கார் என்றால் கணக்கு வேறு. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் டிராக்குகள் இருக்கின்றன. அங்கே போட்டி விதிமுறை எந்தப் பிரிவில் எதை அனுமதிக்கிறது என்பதுதான் பேச்சு.

இன்னொரு நடைமுறை விஷயம். ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் எண் பொறித்திருப்பது பிளாக்கில்தான். உடைந்த பிளாக்குக்குப் பதிலாக வேறு பிளாக் வாங்கி இறக்கினால் காரின் இன்ஜின் எண்ணே மாறிவிடுகிறது. அதை ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். பிளாக்கை மாற்றாமல் மேல்தளத்தை மட்டும் சீவினாலும் சில இன்ஜின்களில் ஆபத்து உண்டு. பழைய ஷெவர்லே வி8-களில் எண் பொறித்த பட்டை டெக்கோடு ஒரே மட்டத்தில் இருக்கும், சீவும்போது எண்ணும் சேர்ந்து போய்விடும். உங்கள் காரில் எண் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து, தெளிவாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்ட பிறகு பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பலாம்.